வலது தோளில் ஒரு தட்டு

அந்த நூல் அவள் கண்ணில் பட்டிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறேகால் மணி. ரயில் பாலத்தின் இறக்கத்தில் வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக நகர்ந்துகொண்டிருந்தன. முன்னால் ஒரு பஸ், ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்ப மனமில்லாமல் நின்றது. அதன் புகையை முழுசாக முகத்தில் வாங்கிக்கொண்டு அவர்களுடைய மோட்டார் சைக்கிள் நின்றது.

ஓட்டி வந்தவனை வேலை செய்யும் துணிக்கடையில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐநூறு பெட்டிகளை ஐந்து மணிக்குள் ஒட்டி அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் குதித்தாலும், டேப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டிவிட்டுத்தான் அடுத்த பெட்டியைத் தொடுவான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி. அதே துணிக்கடையின் மாடியில் ஆல்டரேஷன் பிரிவு. பேன்ட் நீளம் குறைப்பது, சட்டை இடுப்பைப் பிடிப்பது அவள் வேலை. கையில் இருப்பது போலவே வாயிலும் ஒன்று இருந்ததால் அவளுக்கு அங்கே 'ஊசி' என்று பெயர்.

தையல் வேலை செய்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே பிசிறு தெரிந்தாலும் விரல் தானாகப் போய்விடும். அன்றைக்கு நிதானத்தின் சட்டையில், வலது தோள் மூட்டின் மேல், ஒரு வெள்ளை நூல் ஆடிக்கொண்டிருந்தது. ஊசி கையை நீட்டி அதைக் கிள்ளி எடுத்தாள்.

அவ்வளவுதான். நிதானம் ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்து ஆக்ஸிலேட்டரைத் திருகினான்.

ஹாரன் சத்தம் காதுக்குள் புகுந்து மண்டையைப் பிளந்தது. வலது பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நீல நிறத் தண்ணீர் லாரி ஒன்று சுவர் மாதிரி எழுந்து நின்றது. அவன் பதறி இடது பக்கம் இழுத்தான். முன்சக்கரம் பஸ்ஸின் பின்பக்கத்தில் முட்டியது. வண்டி சாய்ந்தது. ஊசியின் ஹெல்மெட் தரையில் 'டொக்'கென்று மோதியது. லாரியின் டயர் அவள் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. டயரின் பள்ளத்தில் சிக்கியிருந்த சின்னக் கல்லைக்கூட அவளால் பார்க்க முடிந்தது.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "சாகறதுக்கு என் லாரிதான் கெடச்சுதா? பின்னாடி பொம்பள உக்காந்திருக்காங்கன்ற நெனப்பாவது வேண்டாமா, மனுஷா?"

யாரோ இரண்டு பேர் வண்டியைத் தூக்கி ஓரத்தில் நிறுத்தினார்கள். ஊசிக்கு முழங்கையில் சிராய்ப்பு. நிதானத்துக்குப் பேன்ட் முட்டியில் கிழிசல். வேறு ஒன்றுமில்லை. பாலத்துச் சுவரில் சாய்ந்து இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"நீ தட்டின," என்றான் அவன்.

"தட்டல. நூல் எடுத்தேன்."

"கை பட்டுச்சில்ல? அப்ப தட்டினதுதான்."

"சரி, தட்டினேன்னே வச்சுக்குங்க. நீங்க பாத்தீங்களா?"

"எத?"

"வலது பக்கம். கண்ணாடில. லாரி வருதா, ரயில் வருதான்னு பாத்தீங்களா?"

ஊசி வண்டியைப் பார்த்தாள். வலது பக்கக் கண்ணாடி உள்பக்கமாக மடங்கியிருந்தது. நெரிசலில் இரண்டு கார்களுக்கு நடுவே நுழைய இடைஞ்சலாக இருக்கிறது என்று என்றைக்கோ மடக்கி வைத்தது. அதில் இப்போது தெரிந்தது அவனுடைய சட்டைப் பொத்தான் மட்டும்.

இந்தத் தட்டு விஷயம் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. வண்டி வாங்கின புதிதில் ஒரு மழைக்காலம். ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்து அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்ததால் கத்தினாலும் காதில் விழவில்லை. அப்போது அவள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. வலது தோளில் ஒரு தட்டு என்றால் வலது பக்கம் காலி, போகலாம். இடது தோளில் தட்டினால் இடது பக்கம். இரண்டு தட்டு என்றால் நில். இடுப்பில் கிள்ளினால் வேகத்தைக் குறை. மழை நின்றது. தட்டு நிற்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே கடை, ஒரே ஷிப்ட். காலையில் சேர்ந்து போய் மாலையில் சேர்ந்து வருவார்கள். அவன் தனியாக வண்டியை எடுப்பது தெருமுனைக் கடைக்கு மட்டும்தான். மெயின் ரோட்டில் அவன் தனியாக ஏறியதே இல்லை என்பது ஊசிக்கு அந்தப் பாலத்தில்தான் உறைத்தது.

அதுவும் அன்றைக்குத்தான் துணிக்கடையில் அவனுக்குக் கடைசி நாள். பெட்டி ஒட்டுவதற்கு மெஷின் வந்துவிட்டது. நல்லவேளையாக ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஒவ்வொரு கிளினிக்காகப் போய் ரத்தக் குப்பிகளை வாங்கி லேப்பில் சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், இதே ரோட்டில், தன்னந்தனியாக.

வீட்டுக்கு வந்ததும் பத்தாவது படிக்கிற மகள் பஞ்சும் மருந்துமாக வந்து உட்கார்ந்தாள். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுல என்னம்மா ஆச்சரியம்? இத்தன நாளா வண்டிய ஓட்டினது நீதானே. அப்பா சும்மா ஹேண்டில புடிச்சிட்டு வருவாரு."

"ஏய், வாய மூடு," என்றான் நிதானம். "பதினோரு வருஷத்துல வண்டில ஒரு கீறல் உண்டா? கேளு உங்கம்மாவ."

"கீறல் இல்லாததுக்கு நான்தான் காரணம்," என்றாள் ஊசி. "நீங்க பாக்கறதே இல்ல."

"நீ இருக்கறதால பாக்கல. நீ இல்லன்னா நானே பாத்துக்குவேன்."

"பதினோரு வருஷம் திரும்பாத கழுத்து, திங்கக்கெழம காலைல எட்டு மணிக்குக் கரெக்டா திரும்பிடுமா?"

"திரும்பும்."

"எப்படித் திரும்பும்?"

"கழுத்துக்கு யாராவது பாடம் எடுப்பாங்களா? தானா திரும்பும். காப்பி குடு."

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. நிதானம் கோபப்பட மாட்டான். அதுதான் தொந்தரவே. கோபப்படுகிறவனோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம். சுவரைப் போல உட்கார்ந்து காப்பியை ஆற்றுகிறவனை என்ன செய்வது?

ஊசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தாள். வெள்ளி போனது. மீதி இருப்பது சனியும் ஞாயிறும்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. கடையில் கொண்டுபோய் விட அவன் வண்டியை எடுத்தான். போகிற வழியில் மெக்கானிக் ஷாப்பில் நிறுத்தச் சொல்லி, வலது கண்ணாடியைத் திருப்பி முடுக்கச் சொன்னாள். ஆணி துருப்பிடித்திருந்தது. மெக்கானிக் எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித் திருப்பினார்.

"அண்ணே, இது எதுக்குண்ணே? இத்தன நாள் மீச ஒதுக்கத்தானே வச்சிருந்தீங்க?" என்றார்.

"உங்கக்கா ஆர்டர்," என்றான் நிதானம்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். முடுக்கிட்டேன் அக்கா. பாக்க வேண்டியது அவரு பொறுப்பு, அதுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது."

அந்த வார்த்தையிலேதான் ஊசிக்கு அது தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு மட்டும் கவனமாக ஓட்டிக் காட்டிவிடுவான். வண்டியில் ஏறினாள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, கை அவன் தோள் பக்கம் போகாதபடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெயின்ட் கடை முக்கில் சிக்னல் கிடையாது. அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே வருகிற வண்டிகளுக்கு வழி விட்டு, இடைவெளி கிடைத்ததும் குறுக்கே பாய்ந்து போக வேண்டும். தினமும் அவள் தட்டுகிற இடம். நிதானம் ரோட்டின் நடுவில் வந்து, காலைத் தரையில் ஊன்றி நின்றான்.

எதிரே ஒரு கார் போனது. இரண்டு ஆட்டோக்கள் போயின. பிறகு ரோடு காலியாகக் கிடந்தது. ஊசி பையை இறுக்கினாள். நிதானம் நின்றான்.

வண்டிகள் மறுபடி வந்தன. ஒரு பஸ், அதன் பின்னால் பள்ளிக்கூட வேன். மறுபடியும் இடைவெளி. ஒரு கன்டெய்னர் லாரியே சாவகாசமாகத் திரும்பியிருக்கலாம். நிதானம் நேராக எதிரே பார்த்தபடி, எதையும் பார்க்காமல், நின்றான்.

பின்னால் ஹாரன்கள் தொடங்கின.

"அண்ணே! வண்டிய வித்துட்டு நடந்தே போங்கண்ணே!" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினார்.

"நடு ரோட்டுல வீடு கட்டப் போறாரு போல," என்றது இன்னொரு குரல்.

ஊசியின் கை துடித்தது. விரல் நுனியில் ஊறியது. ஒரே ஒரு தட்டு, இந்த அவமானம் தீர்ந்துவிடும். பையின் காதைச் சுண்டு விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மூன்றாவது இடைவெளி வந்து போனது. நான்காவதும்.

நிதானம் தலையைத் திருப்பாமல் கேட்டான். "என்னம்மா, தூங்கிட்டியா?"

"நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் ஊசி. "நீங்க?"

அவன் முதுகு விறைத்தது. அது அவள் கண்ணுக்கே தெரிந்தது. மெதுவாக, வலிக்கிற மாதிரி, கழுத்தை வலது பக்கம் திருப்பினான். பின்னால் வந்துகொண்டிருந்ததை எல்லாம் பார்த்தான். ஹெட்லைட்டுகள், பம்பர்கள், இரண்டு விரற்கடை இடைவெளியில் உரசிக்கொண்டு போகிற ஸ்கூட்டர்கள். பிறகு எதிரே பார்த்தான். வண்டியை வலது பக்கம் திருப்பவே இல்லை. கையைக் காட்டி, ஊர்ந்து ஊர்ந்து, நேராகப் போய் ஓரமாக ஒரு பூட்டிய ஷட்டர் முன்னால் வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் முழுக்க வேர்வை.

"நான் எதுக்கு நின்னுட்டு இருந்தேன்னு எனக்கே தெரியல," என்றான். "ரோடு காலியாத்தான் இருந்துச்சு. பாத்தேன். ஆனா பாத்தது மண்டைக்குள்ள போகவே இல்ல. உன் கைக்காகத்தான் நின்னிருக்கேன்."

"ம்."

"இவ்வளவு வேகமாவா எல்லாம் வருது?"

"தினமும் இப்படித்தான் வருது."

அவன் ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்தான். "நான் அந்த வேலைக்குப் போகல. போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

ஊசிக்குள் ஒரு பாதி, அப்பாடா என்றது. இன்னொரு பாதிக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பதினோரு வருஷமும் அந்தத் தட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு பெரிய ஊரில், இவ்வளவு பெரிய ரோட்டில், தன் ஒரு விரல் சொல்கிறபடி ஒரு வண்டி போகிறது, ஒரு ஆள் போகிறான் என்பதில் ஒரு ருசி இருந்தது. "எங்க வீட்டுக்காரர் என்னக் கேக்காம ஒரு முக்குகூடத் திரும்ப மாட்டாரு" என்று கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"போன் எல்லாம் பண்ண வேண்டாம்," என்றாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. நாள் முழுக்க இருக்கு. ஒட்டின பெட்டில ஒரு சுருக்கம் இருந்தாக்கூட உங்களுக்குத் தெரியுமில்ல? அந்தக் கண்ணு எங்க போச்சு?"

"பெட்டி நகராதும்மா."

அவள் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனாள்; அவன் உள்தெரு வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே கிளம்பினார்கள். நிபந்தனை ஒன்றுதான். கண்ணில் பட்டதை எல்லாம் அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். பார்க்காததைச் சொல்ல முடியாதே. ஊசி பின் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். தோள் பக்கம் கை வராது.

முதலில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. முணுமுணுத்தான்.

"காதுல விழல!"

"முன்னாடி ஆட்டோ!" என்று கத்தினான். "வலது பக்கம் வெள்ளக் கார், போன் பேசிட்டே வர்றான். இடது பக்கம் ஒருத்தர் ரோட்டக் கடக்கறாரு. இல்ல, நின்னுட்டாரு. பின்னாடி… பின்னாடி…"

"பின்னாடி?"

"பின்னாடி நீ!"

"எனக்குப் பின்னாடி! கண்ணாடியப் பாருங்க!"

"ஐயோ, பஸ்!"

பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரர் இவர்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேகமாகத் தள்ளிப் போனார். காலையில் மட்டும் அவன் நாலு முறை தவறவிட்டான். நிறுத்தியிருந்த காரின் கதவு திறந்ததை ஒருமுறை, சந்துக்குள்ளிருந்து வந்த சைக்கிளை ஒருமுறை, மற்ற இரண்டு முறையும் தோளுக்குப் பின்னால் ஒட்டி வந்த பைக்குகளை. ஒவ்வொரு முறையும் ஊசி பல்லைக் கடித்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை சிவந்துபோனது. ஒருமுறை கை தன்னால் எழுந்து அவன் தோளுக்கு அரை அங்குலம் வரை போய்விட்டது. மறு கையால் அதைப் பிடித்து இழுத்தாள்.

மதியத்துக்கு மேல் அவன் குரல் மாறியது. கத்தல் குறைந்து, கணக்குச் சொல்வது போல வரத் தொடங்கியது. "கண்ணாடில யாரும் இல்ல. திரும்பிப் பாக்கறேன். ஒரு பைக் இருக்கு, கண்ணாடில தெரியல அது. விடறேன். போயிட்டான். இப்ப போறேன்."

மாலைக்குள் ஒரே ஒரு தவறுதான். ஒன்று. ஆனால் ஊசி அந்த ஒன்றைத்தான் வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தாள். நீல லாரியும் ஒன்றுதானே?

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு வாசலில் வண்டி நின்றது. பின்சீட்டில், அவள் உட்காரும் இடத்தில், லேப்காரர்கள் கொடுத்த ஆரஞ்சு நிறப் பெட்டியை பெல்ட் போட்டுக் கட்டியிருந்தான். பெல்ட்டில் ஒரு முறுக்குகூட இல்லை.

"எனக்கு பதிலா நல்ல ஆளப் புடிச்சிட்டீங்க," என்றாள் ஊசி.

"வாய் இல்லாத ஆளு," என்றான் அவன். சிரிக்க முயன்றான். ஹெல்மெட் கிளிப்பை இரண்டாவது தரம்தான் மாட்ட முடிந்தது.

"அப்பா, சத்தமா சொல்லிட்டே போங்க. லூசுன்னு நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க," என்றாள் மகள்.

பெட்ரோல் போட்டுவிட்டுப் போகிறேன் என்று அவன் கிளம்பினான். ஊசி பஸ்ஸைப் பிடித்தாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு பஸ். வலது பக்க ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. லேப்புக்கும் பெயின்ட் கடை முக்கில்தான் திரும்ப வேண்டும்; பஸ் மட்டும் அங்கே திரும்பாமல் நேராகப் போய்ச் சுற்றி வரும். பஸ் நெரிசலில் ஊர்ந்தது. இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் போலிருந்தது. கால் மாற்றிக் கால் போட்டாள். போனை எடுத்தாள், பைக்குள் வைத்தாள். வண்டி ஓட்டும்போது அவன் தன் போனை எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

பெயின்ட் கடை ஸ்டாப்பில் பஸ் நின்றது. முன்னால், ரோட்டின் நடுவில், ஆரஞ்சுப் பெட்டி தெரிந்தது.

நிதானம் காலை ஊன்றி நின்றிருந்தான். வலது பக்கம் திரும்புவதற்காக. உயரத்திலிருந்து ஊசிக்கு முழு முக்கும் தெரிந்தது. எதிரே ஒரு வேன் வந்தது, போனது. அதன் பின்னால் ரோடு காலி. தாராளமான இடைவெளி.

'இப்ப. இப்ப போங்க,' என்று அவள் உதடு அசைந்தது.

அவன் போகவில்லை.

பின்னால் ஒரு கார் ஹாரனை அமுக்கி எடுக்காமல் வைத்திருந்தது. அவன் அசையவில்லை. சனிக்கிழமை மாதிரியே உறைந்துவிட்டான். ஒரு கைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான். இன்னும் எத்தனை முக்கு, எத்தனை கிளினிக்? அவள் எழுந்துகூட விட்டாள்.

அப்போது அவள் ஜன்னலுக்குக் கீழே ஏதோ சீறியது. பஸ்ஸின் பின்னாலிருந்து வெளிப்பட்ட ஸ்கூட்டர் ஒன்று. இரண்டு பேரோடு, வளைந்து வளைந்து, பஸ்ஸைத் தாண்டி, எதிர்த் திசையில் பாதி ஏறி, நிதானத்தின் வலது கைப்பிடியை உரசுகிற மாதிரி பறந்து போனது. அவன் திரும்பியிருந்தால் அந்த ஸ்கூட்டர் நேராக ஆரஞ்சுப் பெட்டியின் மேல் வந்திருக்கும்.

நிதானத்தின் ஹெல்மெட் ஸ்கூட்டர் போகும் திசையைப் பார்த்துத் திரும்பவில்லை. அது ஏற்கெனவே வலது தோளுக்குப் பின்னால் திரும்பி இருந்தது. மறுபடி எதிரே பார்த்தான். மறுபடி தோளுக்குப் பின்னால். வாய் அசைகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. பிறகு, அவசரமே இல்லாமல், குறுக்கே கடந்து திரும்பிப் போனான்.

ஊசி மெல்ல உட்கார்ந்தாள். அவள் பின்சீட்டில் இருந்திருந்தால் வேன் போன உடனே தட்டியிருப்பாள்.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, தெரிஞ்சவங்களா?"

"எங்க வீட்டுக்காரர்."

"அட, கூப்பிட்டிருக்கலாமே. திரும்பிப் பாத்திருப்பாரில்ல?"

"அவரு ரோட்டப் பாக்கட்டும்," என்றாள் ஊசி.

பஸ் கிளம்பியது. அவன் போன தெருவைக் கழுத்து வலிக்கிற வரை பார்த்தாள். ஆரஞ்சு நிறம் ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்து, இன்னொரு முறை தெரிந்து, அதன் பிறகு தெரியவே இல்லை. மணி எட்டு ஆக இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. அவனுடைய வேலை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.